பிளாப்பிக்கு வைத்த பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றுக்குள் நுழைந்துவிடுவேன். பாதியில் எதைச் சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். டீச்சரம்மாவிடம் படித்த பிள்ளைகள் சேர்ந்து அவர்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "பெரிம்மா, அந்தக் கம்ப்யூட்டர் கதய நீங்கதான் எழுதணும்" என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாயைத் திறந்ததில்லை. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் இல்லையா, அதனால் சரி என்றேன்.

அப்போது நாங்கள் கரையான்சாவடியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். காலையில் சைக்கிளை எடுத்தால் இருட்டித்தான் வருவார், சட்டையெல்லாம் எண்ணெய் வாடையோடு. எங்களுக்கு ஒரே மகள். பூந்தமல்லியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தாள். கணக்கு வரும், வரலாறு வரும், இங்கிலீஷ் மட்டும் வராது. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சையில் இங்கிலீஷில் ஒன்பது மார்க். மற்றதில் நன்றாக வாங்கியிருந்ததால் போனால் போகிறதென்று எட்டாவதுக்கு ஏற்றிவிட்டார்கள்.

மார்க் அட்டையைப் பார்த்து அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அரப் பரீட்சைல இங்கிலீஷ் பாஸாவணும். ஆவலன்னு வை, பொங்கலுக்கு அப்பால புஸ்தகப் பையி கெடையாது. டிபன் பாக்ஸ எடுத்துகினு கம்பெனிக்குப் போ."

கம்பெனி என்றால் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற எக்ஸ்போர்ட் கம்பெனி. எதிர்வீட்டு அக்கா அதில் சூப்பர்வைசர். "நூலு வெட்டற வேலைல நான் சேத்து உடறேன். வயசு கேட்டா பதினாறுன்னு சொல்லிக்கலாம், இன்னா இப்ப?" என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். சந்தில் இருந்த பெண்பிள்ளைகள் பலர் அப்படிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் மகள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அவள் படிக்கட்டுமே என்று எனக்கு ஆசை. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சாதத்தைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

டீச்சரம்மா எங்கள் சந்தின் கடைசி வீட்டில் இருந்தார்கள். வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சாயங்காலத்தில் சந்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சும்மாவே சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களுடைய தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் முன்பு, எங்கோ ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனார். லீவில் இருந்த நாட்களில், அக்கா சொல்லச் சொல்ல, பிள்ளைகளுக்காக இங்கிலீஷ் விளையாட்டுகளையும் அவரே அதில் எழுதினார். அவ்வளவும் ஒரே ஒரு பிளாப்பியில் இருந்தது. பிளாப்பி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கறுப்பாக, சதுரமாக, கல்யாணப் பத்திரிகை அளவுக்கு ஒரு மெல்லிய அட்டை. நடுவில் ஓட்டை, அதன் கீழே நீளமாக ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாக உள்ளே பழுப்பாக மினுமினுப்பது தெரியும். அதைப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்தால்தான் கம்ப்யூட்டர் கண் திறக்கும்.

அந்த அறைக்குள் போக ஒரு முறை இருந்தது. செருப்பை வெளியே விட்டு, குழாயடியில் காலைக் கழுவி, துடைத்துக்கொண்டு போக வேண்டும். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றும். பிள்ளைகள் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"டீச்சர், எங்களுக்குக் கொஞ்சம் காத்து வுடுங்க டீச்சர்" என்பான் பால்காரர் மகன். அவனும் எட்டாவதுதான். சந்திலேயே பெரிய வாய் அவனுக்குத்தான்.

"நீ சூடாயிட்டா தண்ணி குடிச்சாப் போதும். அது சூடாயிட்டா நான் பெங்களூர் போகணும்" என்பார்கள் டீச்சரம்மா.

இருட்டிவிடும் என்பதால் மகளோடு நானும் போவேன். கதவு ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். இங்கிலீஷ் எழுத்து புரியாது, விளையாட்டு புரிந்தது. ஒரு விளையாட்டில் திரையின் மேலே காத்தாடி ஒன்று பறக்கும், சிலர் பட்டம் என்பார்களே அது. கீழே வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு எழுத்து ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். எழுத்துப் பலகையில் ஒன்றைத் தட்ட வேண்டும். சரியென்றால் அது போய்த் தன் இடத்தில் உட்காரும். தப்பென்றால் பெட்டி "ட்டொய்ங்" என்று கத்தும், காத்தாடியின் நூல் கொஞ்சம் அறும். முழுக்க அறுந்தால் காத்தாடி தள்ளாடித் தள்ளாடிக் கீழே போய்விடும். வெளியூர்களில் இந்த விளையாட்டில் காத்தாடிக்குப் பதிலாக ஒரு மனுஷனைத் தூக்கில் தொங்கவிடுவார்களாம். அது வேண்டாம் என்று டீச்சரம்மாதான் தம்பியிடம் சொல்லிக் காத்தாடியாக மாற்றினார்கள். இன்னொரு விளையாட்டில் வார்த்தைகள் மழைபோல விழும், தரையைத் தொடுவதற்குள் அடிக்க வேண்டும். எனக்குக் காத்தாடிதான் பிடிக்கும்.

வகுப்பில் இங்கிலீஷ் நேரத்தில் தலையைக் குனிந்துகொள்ளும் என் மகள் அங்கே கத்தின கத்தல் இருக்கிறதே!

"ஏய், அத்த அமுக்காத! அது ‘அம்ப்ரெல்லா’டா! எல்லு ரெண்டு வரும்டா!"

"நீ இன்னா பெரிய வெள்ளக்காரி. நான் அமுக்குவேன்."

"ட்டொய்ங்."

"அறுந்துச்சிடோய்!" என்று மற்ற பிள்ளைகளெல்லாம் சேர்ந்து கத்துவார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ம்மா, இது டின்னர். காலைல துன்னது பிரேக்ஃபாஸ்ட்" என்பாள். நான் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றுவேன்.

அவருக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போல, நேராக டீச்சரம்மா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமே இது? டிவி பொட்டில காத்தாடி உட்டுகினு கீதுங்க. இதான் இங்கிலீஷா? இதுக்கா நீ தெனமும் தொணைக்கு வந்து குந்திகினு கீற?"

நான் கீரையைப் பார்த்துக்கொண்டேன். டீச்சரம்மா வெளியே வந்தார்கள்.

"அண்ணே, கால் கழுவிட்டு உள்ள வாங்க. நீங்களே ஒரு தடவ ஆடிப் பாருங்க."

"எனக்கு இன்னாம்மா தெரியும் இங்கிலீஷு?"

"நைனா, வா நைனா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவரை உட்கார வைத்து, எந்த எழுத்தைத் தட்ட வேண்டும் என்று காதில் சொன்னாள். அவர் விரலால் அப்படி ஒரு குத்து குத்தினார். மேஜையே ஆடியது.

"அண்ணே, மெதுவா! ஆணி அடிக்கிறதில்ல இது" என்றார்கள் டீச்சரம்மா.

காத்தாடி அறுபடாமல் ஒரு வார்த்தை முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் தடவிப் பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், சூடு எவ்வளவு என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இதோட உசுரு எங்க கீது?" என்று கேட்டார். பால்காரர் மகன் பிளாப்பி நுழைத்திருந்த வாயைக் காட்டி, "இதுல ஒரு அட்ட கீது மாமா. அல்லாமே அதுலதான். அத்த எடுத்துட்டா இது வெறும் பொட்டி" என்றான். அவர் தலையாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து காத்தாடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மிஷின் இன்னா சொல்லுது?" என்று மட்டும் மகளிடம் கேட்பார்.

ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் அது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த மிஷினையும் விடமாட்டார்கள். லேத், டிரில், பெஞ்சு வைஸ், அளவு பார்க்கிற கேஜ் வரைக்கும் துடைத்து, சந்தனம் குழைத்து வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பார்கள். பொட்டு வைக்காத மிஷின் அடுத்த வருஷம் கையை வாங்கிவிடும் என்று இவருக்கு ஒரு பயம். வெறுமனே தூரத்திலிருந்து தூவுவதெல்லாம் அவருக்கு ஆகாது. மிஷினின் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் வைப்பார்.

சாயங்காலம் பொரி, பொட்டுக்கடலை, சந்தனக் கிண்ணம் எல்லாம் எடுத்துக்கொண்டு நேராக டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், உங்க ஊட்ல பூஜ பண்ண மாட்டீங்க, தெரியும். மிஷினுக்கு மட்டும் ஒரு பொட்டு வச்சிக்கட்டா? பசங்க படிக்கிற மிஷினு."

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கென்ன அண்ணே, தாராளமா வைங்க" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார்கள்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பயபக்தியோடு திரையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். எழுத்துப் பலகைக்கு ஒன்று. ஃபேனுக்கு ஒன்று. அப்புறம் மேஜைமேல் உறையில் இருந்த பிளாப்பியை எடுத்தார். உயிரே அதில்தானே இருக்கிறது! அந்த நீள வெட்டில் பழுப்பாகத் தெரிந்த இடத்தில் சந்தனத்தைக் கொழகொழவென்று அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் வைத்தார். கற்பூரத்தைக் காட்டினார். பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், நானும்தான். பிளாப்பியைக் கவனமாக உறையில் போட்டுவிட்டு எல்லாருக்கும் பொரி கொடுத்தார். டீச்சரம்மா டீயோடு வந்து திரையில் இருந்த பொட்டைப் பார்த்து, "பெண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தார்கள். உறைக்குள்ளே இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் விஜயதசமி. படிப்பு ஆரம்பிக்க நல்ல நாளென்று பிள்ளைகள் தலைவாரிப் பூ வைத்து வந்து உட்கார்ந்தார்கள். டீச்சரம்மா யாருடனோ பேசிக்கொண்டே உறைக்குள் கையை விட்டு பிளாப்பியை எடுத்து நுழைத்துவிட்டார்கள். பெட்டி "கர்ர்ர்... கர்ர்ர்..." என்றது. தொண்டையில் முள் சிக்கின மாதிரி ஒரு சத்தம். திரையில் ஏதோ ஒரு வரி வந்து அப்படியே நின்றது. வெளியே இழுத்துப் பார்த்தார்கள். கறுப்பு அட்டையில் வட்ட வட்டமாகச் சந்தனம் தேய்ந்திருந்தது.

 பால்காரர் மகன் மட்டும் மெதுவாக, "அறுந்துச்சிடோய்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

டீச்சரம்மா பஞ்சை வைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். துடைக்கத் துடைக்க அந்தப் பழுப்பும் உரிந்து வந்தது. எஸ்டிடி பூத்துக்குப் போய்த் தம்பியிடம் பேசினார்கள். தம்பி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்புறம், பெட்டிக்குள் பிளாப்பியைப் படிக்கிற ஒரு முனை இருக்கிறது, சந்தனம் அதிலும் ஒட்டியிருக்கும், வேறு பிளாப்பி போட்டாலும் படிக்காது, யாரும் திறக்க வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு வந்து நானே பார்க்கிறேன் என்று சொன்னாராம். விளையாட்டையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அவரிடம் நகல் இல்லை. அரைப் பரீட்சையோ கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

என் மகள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் வருகிற நேரத்துக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் இன்னா கெடுக்கணும்னா பண்ணேன்? மருவாதிக்கு வச்சேன்மே" என்றார் என்னிடம்.

"தெரியுங்க" என்றேன். தட்டில் மோரை ஊற்றினேன்.

"நீயே அரப் பரீட்சைல பாஸாவணும்னு சொல்லுவ, நீயே மிஷின கெடுப்ப" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் எழுந்து கையைக் கழுவப் போனார். மறுநாள் பட்டறைக்குப் பெரிய மிஷின் வந்து இறங்கின அட்டைப்பெட்டி ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். முன்பக்கம் திரை மாதிரி சதுரமாக வெட்டினார். அதை டீச்சரம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்து, "டீச்சர், இதுக்குள்ள ஒரு பையன குந்த வச்சா ஆவாதா?" என்று கேட்டார். மேலே விட்டத்திலிருந்து நிஜக் காத்தாடி ஒன்றை நூலில் தொங்கவிட்டார். தப்புக்குத் தப்பு நூலை விட்டால் அது இறங்கும்.

டீச்சரம்மா குனிந்து அந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார்கள். பிறகு, "யாரு இன்னிக்குக் கம்ப்யூட்டர்?" என்று கேட்டார்கள்.

போர்வையை விட்டு எழுந்து என் பின்னாலேயே வந்திருந்த மகள், "நான்" என்று உள்ளே நுழைந்தாள்.

முதல்நாள் சண்டையில்தான் முடிந்தது. உள்ளே சிலேட்டில் கோடு போட்டு, வார்த்தையின் அர்த்தத்தைத் தமிழில் சொல்லி நீட்டுவாள். வெளியே இருப்பவன் எழுத்தைச் சொன்னால், சரியா தப்பா என்று அவள் சொல்ல வேண்டும்.

"எஸ்ஸு!" என்றான் பால்காரர் மகன்.

"ட்டொய்ங்" என்றாள் இவள்.

"டபாய்க்காத! ‘ஸ்கூல்’ல எஸ்ஸு இல்லியா? டீச்சர், கம்ப்யூட்டர் தப்பு சொல்லுது டீச்சர்!"

டீச்சரம்மா சிலேட்டை வாங்கிப் பார்த்தார்கள், கோடுகளே குறைந்திருந்தன. கம்ப்யூட்டருக்குத்தான் எழுத்து தெரியவில்லை. மகள் பெட்டிக்குள்ளேயே அழுதாள். அது அவளுக்கு உறைத்துவிட்டது போல. வெளியே இருந்து ஆடுகிறவர்கள் தெரியாமல் ஊகிக்கலாம், உள்ளே உட்கார்ந்தவள் தெரியாமல் உட்கார முடியாது. அன்றிலிருந்து பெட்டிக்குள் போகிறவர்கள் முந்தின நாளே பாடத்தைப் பார்த்து வார்த்தைகளை நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்தார்கள். யார் கம்ப்யூட்டர் என்பதற்கு அடிதடி நடந்தது. ஃபேன் பிள்ளைகள் பக்கம் திரும்பியது.

பாடத்தில் இருந்த வார்த்தைகள் எல்லாருக்கும் பாடமாகி, ஆட்டம் சப்பென்று ஆனபோது மகள் அப்பாவிடம் போனாள். அதுதான் அவள் அவரோடு மறுபடி முகம் பார்த்துப் பேசின முதல் பேச்சு.

"நைனா, ஒரு வார்த்த குடு. யாருக்கும் தெரியாததா குடு."

"எனக்கு ஏது இங்கிலீஷு?"

"லேத்துல இன்னா இன்னா கீது, சொல்லு."

"சக்கு கீது. பெட்டு கீது. பேரிங்கு, கேஜு, கூலண்ட்டு..."

"அல்லாம் இங்கிலீஷ்தான் நைனா!"

அவர் என்னைப் பார்த்தார். "ஏமே, அப்ப நான் இத்தினி வருஷமா இங்கிலீஷ்லயா வேல பாத்துகினு கீறேன்?"

அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்கப்புறம் சைக்கிளை நிறுத்தும்போதே ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து கொடுப்பார். எழுத்து எது என்று டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொள்வாள். மறுநாள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து பால்காரர் மகனை ஓட ஓட விரட்டுவாள்.

பரீட்சை முடிந்தது. கிறிஸ்துமஸுக்குத் தம்பி வந்தார், பெட்டியைத் திறந்து துடைத்து, புதுப் பிளாப்பி போட்டு, விளையாட்டையும் திரும்ப எழுதிக்கொடுத்தார். பிள்ளைகள் அதிலும் ஆடினார்கள், அட்டைப்பெட்டியையும் விடவில்லை. எனக்கு அதிலெல்லாம் மனசு போகவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

பேப்பர் கொடுத்த அன்று மகள் வந்து மூலையில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

அவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்காவும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, மார்க்கு வந்துச்சாமே? பொங்கல் கழிச்சி வேன்ல ஒரு எடம் சொல்லி வைக்கட்டா?"

அவர் பேப்பரை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

"போன தபா எவ்ளோ?"

"ஒம்போது" என்றாள் மகள்.

"இப்ப?"

"முப்பத்திரண்டு."

"எவ்ளோ கொறையுது?"

"மூணு, நைனா."

 என்ன தைரியம் வந்ததோ, "படிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"பட்டறைல ஒரு பீஸு அளவுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சின்னா நாங்க இன்னா பண்ணுவோம், தெரியுமா? ஸ்கிராப்ல போட மாட்டோம். திரும்பி லேத்துல மாட்டி இன்னொரு கட் உடுவோம். இது ஸ்கிராப் இல்லக்கா, ரீவொர்க்கு. வேன்ல வேற யாரையாச்சும் ஏத்திக்கோ."

"தோ பார்றா, பொண்ணு இன்னா ஸ்பேர் பார்ட்டா?" என்று அந்த அக்கா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனார்.

மகள் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "நாளைக்கு இன்னா வார்த்த நைனா?" என்று கேட்டாள். அவர் சொம்பை அண்ணாந்து குடித்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அவர் இப்போது இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. புத்தகம் போடுகிற பிள்ளைகளே, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இதை, இப்போது தம்பியோடு பெங்களூரில் இருக்கிற டீச்சரம்மாவுக்கு யாராவது ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அட்டைப்பெட்டி வந்தது விஜயதசமிக்கு மறுநாளா, சில நாள் கழித்தா என்பதில் எனக்குத் தடுமாற்றம். கம்ப்யூட்டர் சாமான்களின் பெயர்களைத் தம்பியிடம் கேட்டுச் சரி பாருங்கள். பால்காரர் மகன் ‘எஸ்ஸு’ என்று சொன்னது அந்த வார்த்தைக்குத்தானா என்று அவனிடமே கேளுங்கள், அவன் மாங்காட்டில்தான் கடை வைத்திருக்கிறான். தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.